இடது உள்ளங்கால்

அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியல் எழுதுபவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் அகராதி. அத்தான் வைத்த பெயர் அது. அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில், மைத்துனன் எதை எடுத்தாலும் "அதுக்கு அர்த்தம் அது இல்லை அத்தான்" என்று ஆரம்பிப்பதை ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் "சரிடா அகராதி" என்றார். திட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். மைத்துனன் அதைப் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது, பட்டம் இன்னும் பறிபோகவில்லை.

பெரிய மருத்துவமனை ஒன்றை ஒட்டிய மருத்துவக் கல்லூரியில், உடற்கூறு அறைக்குப் பின்னால், கலைச்சொல் பிரிவு என்று ஓர் அறை உண்டு. மூன்று மேஜை, ஐந்து இரும்பு அலமாரி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றும் ஒரு மின்விசிறி. மருத்துவச் சொற்களுக்கெல்லாம் தமிழில் ஒரு சொற்களஞ்சியம் தயாரிப்பது அங்கே வேலை. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டையில் மூன்று கட்டம்: பொருள், பிறப்பு, பயன்பாடு. அகராதி மூன்றையும் நிரப்ப வேண்டும். துறை மருத்துவர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக மொழி திருத்தும் அம்மா பார்ப்பார். அந்த அம்மா ஒற்றுப்பிழைக்காகச் சொந்தத் தம்பியின் கல்யாணப் பத்திரிகையையே திருப்பி அனுப்பியவர். அவர் கையெழுத்து விழாமல் எந்தச் சொல்லும் அச்சுக்குப் போனதில்லை.

அகராதிக்கு உயிர் எல்லாம் நடுக் கட்டத்தில். ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்த மொழியில் வளர்ந்தது, யார் வீட்டில் தங்கி வந்தது என்று துருவ ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு மறந்துவிடும். பொருளைத் துறை மருத்துவர் சொல்லிவிடுவார். பயன்பாட்டுக் கட்டத்துக்கு அகராதி ஒரு வாக்கியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். 'மருத்துவர் நோயாளியின் கண்ணைப் பரிசோதித்தார்.' கல்லீரல் அட்டையில் கண்ணை எடுத்துவிட்டுக் கல்லீரலை வைப்பார். நானூறு அட்டைகளில் அந்த மருத்துவர் அலுக்காமல் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆறு வாரமாக அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சொல் 'பிளாண்டா'. லத்தீன். உள்ளங்கால் என்று பொருள். அந்தப் பகுதியைச் சேர்ந்த எதையும் மருத்துவர்கள் 'பிளாண்டர்' என்பார்கள். பொருள் எழுத ஒரு நிமிடம் ஆனது. பிறப்பில்தான் சிக்கிக்கொண்டார். அதே லத்தீன் சொல்லுக்கு நாற்று என்றும் ஒரு பொருள் இருந்தது. காலின் அடிக்கும் கன்றுக்கும் என்ன சம்பந்தம்? தட்டையாகப் பரவியது என்ற பழைய வேரிலிருந்து உள்ளங்கால் வந்தது என்றார்கள் சிலர். கன்றை ஊன்றி மண்ணை உள்ளங்காலால் மிதித்து இறுக்குவார்கள், அதனால் நடுவதற்கும் அந்தப் பெயரே வந்தது என்றார்கள் வேறு சிலர். எது முதலில் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. அகராதி அட்டையின் நடுக் கட்டத்தில் எறும்பு எழுத்தில் பதினேழு வரி எழுதினார். பிறகு பயன்பாட்டில், 'மருத்துவர் நோயாளியின் உள்ளங்காலைப் பரிசோதித்தார்' என்று எழுதி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திருத்தும் அம்மாவின் மேஜையில் வைத்துவிட்டு, முற்றத்தைத் தாண்டி மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவருடைய அக்கா படுத்திருந்தார்.

அக்காவுக்கு நடந்தது சொல்வதற்கே அற்பமான விஷயம். மூன்று வாரத்துக்கு முன்னால் கீழே விழுந்த கரண்டியைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தவர், திறந்து கிடந்த அலமாரிக் கதவில் மண்டையை இடித்துக்கொண்டார். 'யாரு இதைத் திறந்து வெச்சது' என்று வீட்டில் இருந்த எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டினார். திறந்து வைத்தது அவரேதான். அப்புறம் தலைவலி, அப்புறம் எந்நேரமும் தூக்கம், அப்புறம் இடது கால் தடுமாற்றம். படம் எடுத்துப் பார்த்த மூளை அறுவை மருத்துவர், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். ஒரு சின்னத் துளை போட்டு வடித்துவிடலாம், அதற்கு முன்னால் இரண்டு நாள் கண்காணித்துப் பார்ப்போம் என்று வார்டில் சேர்த்தார்.

அன்று இரண்டாவது நாள். அகராதி உள்ளே நுழையும்போது அத்தான் படிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பாம்பைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியவர். ஆனால் ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"டாக்டர் வந்து பார்த்துட்டுப் போனார்டா. மாற்றம் தெரியுது, இன்னைக்கே பண்ணிடலாம்னார். பதினோரு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டா அடுத்தது நம்மதானாம். அவர் இப்ப ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போயிட்டார்."

"என்ன மாற்றம்?"

"அதை நான் எங்க கேட்டேன்? மண்டையில துளைன்னதும் எனக்குக் காது அடைச்சுப் போச்சு. நீ கொஞ்சம் அந்தத் தாளைப் பாரேன். உனக்குத்தான் எல்லா வார்த்தையும் தெரியுமே."

கட்டிலின் கால்மாட்டில் அட்டையில் செருகிய தாள் தொங்கியது. அகராதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நாடி, ரத்த அழுத்தம், கண்மணி, எல்லாவற்றுக்கும் எதிரே எண்கள். அவற்றுக்குக் கீழே, ஆறு வாரமாகக் கூடவே குடியிருந்த அந்தச் சொல் கையெழுத்தில் கிடந்தது. பிளாண்டர். நேற்றைய தேதிக்கு எதிரே, வலது கீழ்நோக்கி ஓர் அம்பு, இடது கீழ்நோக்கி ஓர் அம்பு. இன்றைய தேதிக்கு எதிரே, வலது கீழே. இடது மேலே.

அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கடைத்தெருவில் சொந்தக்காரரைச் சந்தித்த மாதிரி இருந்தது.

"அத்தான், இது உள்ளங்கால். லத்தீன் வார்த்தை. நாற்றுக்கும் இதேதான் பேரு, அதை அப்புறம் சொல்றேன். நேத்து ரெண்டு காலும் இறங்கியிருக்கு. இன்னைக்கு இடது மட்டும் ஏறியிருக்கு. எந்தக் கால் அக்காவுக்குத் தடுமாறிச்சு?"

"இடதுதான்."

"அதான். அந்தக் கால்தான் தேறுது. டாக்டர் சொன்ன மாற்றம் இதுதான்."

அத்தானின் முகம் இரண்டு நாளில் முதல் முறையாக மலர்ந்தது. தண்ணீர் பாட்டிலோடு வந்த அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். அவள் ஒரு துணிக்கடையில் மேலாளர். எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்கிறவள்.

"தேறுதுன்னா எதுக்கு மாமா இன்னைக்கே ஆபரேஷன்னு சொல்றாரு?"

"கத்தி வெச்சிருக்கிறவங்களுக்கு வெட்டணும்னுதான் தோணும். அவங்க கையால அவங்களே எழுதி வெச்சிருக்காங்க பாரு, ஏறியிருக்குன்னு."

"எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"எனக்குத் தெரியாத வார்த்தையையா அவர் சொல்லப்போறாரு?" என்றார் அகராதி.

அக்கா மகள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கூப்பிட்டால் "ம்" என்றார். அத்தான் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நர்ஸிடம் போய், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். டாக்டரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்களேன் என்றார் நர்ஸ். வீட்டிலேயே விஷயம் தெரிந்தவர் இருக்கிறார் என்று அத்தான் பெருமையாகக் கையைக் காட்டினார். நர்ஸ் அகராதியின் சட்டைப்பையில் வரிசையாகச் செருகியிருந்த நான்கு பேனாக்களைப் பார்த்துவிட்டு, 'உறவினர் அவகாசம் கேட்டனர்' என்று எழுதிக்கொண்டார். மணி பதினொன்று. அக்காவின் முறை, வேறு யாரோ ஒருவருக்குப் போனது.

அகராதி முற்றத்து வாகன நிறுத்தத்தைத் தாண்டி நிம்மதியாக அலுவலகத்துக்கு நடந்தார். பன் ஒன்றும் டீயும் சாப்பிட்டார். படித்த படிப்பு ஆபத்துக்கு உதவியது என்று மனதில் இருந்தது. அது உண்மைதான், எந்தப் பக்கம் உதவியது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

இரண்டரை மணி சுமாருக்குத் திருத்தும் அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவருடைய மேஜையில் வைத்தார். கையெழுத்து இல்லை.

"நடுக் கட்டம் பிரமாதம் சார். படிச்சு முடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. கீழ்க் கட்டம்தான். மருத்துவர் நோயாளியின் உள்ளங்காலைப் பரிசோதித்தார்."

"ஏன், பிழை இருக்கா?"

"பிழையே இல்லை. நானூத்தியோராவது தடவையா படிக்கிறேன், எப்படிப் பிழை இருக்கும்? அந்த மனுஷன் என்னதான் பரிசோதிச்சார், எப்படிப் பரிசோதிச்சார், எதைக் கண்டுபிடிச்சார்? சொல்லுங்களேன். இந்த அட்டையில இருந்து இந்த வாக்கியத்துக்கு நான் கையெழுத்துப் போடறதா இல்லை. உள்ளங்காலை வெச்சு டாக்டருங்க நிஜமா என்ன பண்றாங்கன்னு புஸ்தகத்தைப் பார்த்து எழுதிக் குடுங்க."

அகராதிக்கு எரிச்சல். ஆனால் அந்த அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. அலமாரியிலிருந்து நரம்பியல் பாடநூலை இழுத்து, பின்பக்கச் சுட்டியில் பிளாண்டரைத் தேடி, பக்கத்தைப் புரட்டினார். கால் ஒன்றின் படம் போட்டிருந்தது. குதிகாலிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக ஒரு கோடு. மழுங்கிய முனை ஒன்றால் உள்ளங்காலின் வெளிவிளிம்பைக் கீற வேண்டும். பெருவிரல் கீழே மடங்கினால் இயல்பு. பெரியவர்களுக்குப் பெருவிரல் மேலே எழுந்தால், மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு என்பதற்கு அது அறிகுறி. குறிப்பேட்டில் இதை அம்புக்குறியால் எழுதுவது வழக்கம்.

அவர் அதை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அதேதான் எழுதியிருந்தது.

அட்டையில் இருந்த பதினேழு வரியையும் அவரால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க முடியும். லத்தீன்காரன் எந்தக் காலால் எந்த மண்ணை மிதித்தான் என்பதுவரை தெரியும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற அக்காவின் பெருவிரல் எதற்காக மேலே போனது என்பது மட்டும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். அவர் ஓடி அந்த அம்மா பார்த்ததே இல்லை.

முற்றத்தைத் தாண்டுவதற்குள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் முதலில் பட்டது. 'இப்போ நிலைமை மாறியிருக்கு அத்தான், எதுக்கும் இன்னைக்கே பண்ணிடலாம்' என்று சொல்லிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. பட்டமும் பத்திரமாக இருக்கும். மாடிப்படி ஏறும்போது அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனால் அத்தானை அவருக்கு முப்பது வருடமாகத் தெரியும். எதுக்கும் என்று ஆரம்பித்தால் எதுக்கும் இன்னொரு நாள் பார்க்கலாம் என்றுதான் அந்த மனிதர் முடிப்பார்.

வார்டில் அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அக்கா மகள் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். "அம்மா எழுந்திருக்கவே மாட்டேங்கிறாங்க மாமா," என்றாள். அகராதி குனிந்து "அக்கா" என்றார். இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டார். காலையில் வந்த "ம்" இப்போது வரவில்லை.

"அத்தான், நான் தப்பா சொல்லிட்டேன்."

"என்னத்தை?"

"அம்பு மேல போனா மோசம். தேறலை. மூளையை அழுத்துதுன்னு அர்த்தம். அதனாலதான் டாக்டர் இன்னைக்கே பண்ணணும்னார். எனக்கு அது தெரியாது அத்தான். தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

அத்தான் பாதி உரித்த பழத்தைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மருந்து மேஜையில் வைத்தார். கை பழக்கதோஷத்தில் தொடையில் துடைத்துக்கொண்டது. சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, நான்கு மடிப்பையும் பிரித்து, முழங்காலில் வைத்து நீவினார்.

"பேனா குடு," என்றார்.

அகராதி நான்கில் ஒன்றை நீட்டினார். அது எழுதவில்லை. இரண்டாவது எழுதியது. அக்கா மகள் அப்பா கையிலிருந்து படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நர்ஸை நோக்கி ஓடினாள். போகும்போது மாமாவை ஒரு தடவை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

நர்ஸ் அக்காவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், போனை எடுத்தார், அதற்கப்புறம் எல்லாம் வேகம்தான். மூன்றேகாலுக்கு அக்காவின் கட்டில் சக்கரம் கிறீச்சிட வார்டை விட்டுப் போனது.

காத்திருக்கும் இடத்தில் ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள் ஆறு. அத்தான் ஒரு முனையில். அக்கா மகள் அவருக்குப் பக்கத்தில். அகராதி ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார். யாரும் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. அத்தான் காலை ஆட்டினால் ஆறு நாற்காலியும் ஆடியது. சுவரில் நெஞ்சறையை வெட்டிக் காட்டும் படம் ஒன்று மாட்டியிருந்தது, பாகத்துக்குப் பாகம் பெயர் எழுதி. அதில் பதினொரு சொற்களின் பிறப்பு அவருக்குத் தெரியும். அவர் கண்ணைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார். பயமாக இருந்தது. அக்கா போய்விட்டால் கொன்றது நான்தான் என்று நினைத்துக்கொண்டார், அதற்கு மாற்றுப் பொருள் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு மருத்துவர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு வெளியே வந்தார்.

"வடிச்சாச்சு. நிறையவே இருந்தது. நாளைக்குக் காலையில கண் திறக்கிறாங்களான்னு பார்ப்போம்."

"லேட் பண்ணிட்டோமா டாக்டர்?" என்று கேட்டது அக்கா மகள்.

"பண்ணிட்டீங்க," என்றார் மருத்துவர். "ஏன் காலையில வேண்டாம்னீங்க?"

அத்தான் வாயைத் திறந்தார். அவர் தன் தலையில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்பது அகராதிக்குப் புரிந்தது.

"நான்தான் டாக்டர்," என்று எழுந்து நின்றார். "மேல் அம்பு நல்லதுன்னு சொல்லி நிறுத்தி வெச்சேன். இந்தக் காலேஜ்லதான், கலைச்சொல் பிரிவு."

மருத்துவர் அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை பார்த்தார். "அடுத்த தடவை கேளுங்க சார். பத்து நொடியில சொல்லியிருப்பேன்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்காவின் தலையில் துணிக்கட்டு. கண் மூடியிருந்தது. மருத்துவர் பாக்கெட்டிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து, போர்வையை விலக்கி, இடது உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து மேல்நோக்கி மெதுவாகக் கீறினார். அகராதி அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு மஞ்சள் பாய்ந்த, ஓரம் வெட்டாத நகம். அது ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு கீழே மடங்கியது. மற்ற நான்கும் அதன் பின்னாலேயே மடங்கின. அதோடு நிற்காமல் கால் முழுவதுமே வெடுக்கென்று போர்வைக்குள் போனது.

"யாரு கால்ல கையை வெக்கிறது?" என்றார் அக்கா. குரல் கரகரத்தாலும் கோபம் பழைய கோபமேதான். அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மருத்துவர் தாளில் ஓர் அம்பு போட்டார். அது எந்தப் பக்கம் என்று அகராதியும் அக்கா மகளும் மருத்துவரிடமே கேட்டார்கள்.

அன்று பிற்பகல் அத்தானையும் மகளையும் சாப்பிட அனுப்பிவிட்டு அகராதி தனியாக இருந்தார். அக்கா தலையணையில் சாய்ந்து விழித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்னடா ஆச்சு? இவங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ சொல்லு."

அவர் சொன்னார். கரண்டியில் ஆரம்பித்து, அம்பு, நாளைக்குப் பார்க்கலாம், பயன்பாட்டுக் கட்டம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. "நாலேகால் மணி நேரம் உன்னை அப்படியே போட்டு வெச்சேன் அக்கா," என்று முடித்தார்.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கு நடை வர மூணு வயசு ஆச்சு, தெரியுமா?"

"தெரியாது."

"இதை யார் உனக்குச் சொல்லப்போறா? இறக்கி விட்டா அழுவே. உள்ளங்கால் தரையில படவே விடமாட்டே. எனக்கு அப்ப ஒன்பது வயசு. உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டே விளையாடப் போவேன், உன்னை வெச்சுக்கிட்டே தோத்துட்டு வருவேன். ஒரு நாள்கூட உன்னைக் கீழே வெச்சுட்டு நான் ஓடினதில்லை." அக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். "நாலேகால் மணி நேரத்தைச் சொல்ல வந்துட்டான். அந்தக் காலைக் கொஞ்சம் பிடிச்சு விடு. அந்த ஆள் சாவியால கீறினது இன்னும் எரியுது."

அகராதி கால்மாட்டில் உட்கார்ந்து இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குதிகாலில் வெடிப்பு, விரல்களுக்குக் கீழே காய்ப்பு, நடுவில் மட்டும் மெத்தென்று வெளுத்த தோல், அதன் ஓரமாகச் சாவி போன சிவப்புக் கோடு. அவர் கட்டை விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். கண்ணீர் சொட்டிக் காலில் விழுந்தது.

"ஈரம் பண்ணாதே," என்றார் அக்கா. "துடைச்சுட்டு அழுத்தி விடு."